ஓவியர்களின் உழைப்பும் செயற்கை நுண்ணறிவும்: திருக்காளத்தி தரும் பாடம்

2025 மார்ச் 25 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது ஜிபிடி-4ஓ மாதிரியில் படம் உருவாக்கும் வசதியைச் சேர்த்தது. ஒரு வாரத்திற்குள் இந்தியச் சமூக ஊடகங்கள் ஜப்பானின் கிப்லி திரைப்பட நிறுவனத்தின் பாணியிலான படங்களால் நிரம்பின. ஒன்றிய அரசின் ‘மைகவ்’ பக்கமும் பிரதமரின் படங்களை அதே பாணியில் வெளியிட்டு மகிழ்ந்தது. கிப்லியை நிறுவியவர்களுள் ஒருவரான ஹயாவோ மியாசாகி, கணினி தானே உருவாக்கிய அசைவுப் படம் ஒன்றை 2016இல் பார்த்துவிட்டுத் தமது கடும் வெறுப்பை வெளிப்படையாகச் சொன்னவர். ஒரு ஓவியர் கூட்டம் நாற்பது ஆண்டுகள் கையால் வரைந்து உருவாக்கிய பாணி, அவர்களைக் கேட்காமலே ஒரு நிறுவனத்தின் விற்பனைச் சரக்காகிவிட்டது. அதற்கு ஓர் அரசும் விளம்பரதாரராயிற்று.

இது தொலைதூர ஜப்பானின் பிரச்சனை என்று கருதுவோர், சூளூர்பேட்டையிலிருந்து நாயுடுப்பேட்டை வழியாகத் திருக்காளத்தி வரை ஒருமுறை சென்றுவந்தால் போதும். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்ட பின் இம்மூன்று ஊர்களும் திருப்பதி மாவட்டத்திற்குள் இருக்கின்றன. உலகம் அறிந்த கலம்காரி ஓவியத்தின் தாயகம் அங்கே பொன்முகலி ஆற்றங்கரையில் இருக்கிறது. படம் உருவாக்கும் இயந்திரம் ஓவியத் தொழிலாளரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருவதில்லை என்பதை அந்த ஊரின் வரலாறு ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

அறிவியலோடு பகை இல்லை

சூளூர்பேட்டை மக்களுக்கு அறிவியல் புதிதன்று. அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அன்று முதல் விண்வெளித் தொழில்நுட்பம் இவ்வூரின் அன்றாட வாழ்வில் ஒரு பகுதி. அந்தத் தளம் பொதுத்துறையின் சாதனை. அதன் பயன் வானிலை அறிவிப்பாகவும் தகவல் தொடர்பாகவும் மீனவரையும் விவசாயியையும் எட்டுகிறது. அதே தளத்திற்காகத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் யானாதி பழங்குடி மக்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான். ஆகவே, எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அது யாருடைய உடைமை, அதன் பயன் யாருக்கு, அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்னும் மூன்று கேள்விகள் எழுகின்றன. செயற்கை நுண்ணறிவுக்கும் அவை பொருந்தும்.

படம் உருவாக்கும் மாதிரி என்பது மாயமந்திரம் ஏதுமில்லை. இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றை ஒட்டியுள்ள விளக்கச் சொற்களையும் திரட்டி, எந்தச் சொல்லோடு எத்தகைய கோடும் வண்ணமும் சேர்ந்து வருகின்றன என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வதே அதன் பயிற்சி. 2022இல் வெளியிடப்பட்ட ‘லயான்-5பி’ என்னும் தொகுப்பு ஏறத்தாழ 585 கோடி படங்களின் முகவரிகளையும் விளக்கங்களையும் கொண்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ மாதிரி அத்தொகுப்பிலிருந்து பெற்ற படங்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது. அப்படங்களை வரைந்தவர்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை, கூலியும் தரப்படவில்லை. இயந்திரத்திற்குள் உறைந்திருப்பது கடந்தகால உழைப்பு என்றார் மார்க்ஸ். இந்த இயந்திரத்தில் உறைந்திருப்பது பெயர் தெரியாத பல லட்சம் ஓவியர்களின் உழைப்பு. இன்று அது அவர்களுக்கே போட்டியாக நிறுத்தப்பட்டுள்ளது.

முந்நூறு ஆண்டு பழைய தரவுத் திருட்டு

திருக்காளத்திக் கலம்காரியின் முறை எளிதானதன்று. பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூல் அல்லது துணி சுற்றிய கலத்தால் கோடு இழுக்க வேண்டும். கோட்டின் கருமை, இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்கவைத்துப் பெறப்படுவது. சிவப்புக்கு முதலில் படிகாரம் பூச வேண்டும். அதன்பின் வேர்ச்சாயத்தில் கொதிக்கவைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திற்கும் இடையே ஓடும் நீரில் அலச வேண்டும். ஒரு பெரிய துணி முடிய வாரங்கள் ஆகும். இந்த அறிவு எந்த நூலிலிருந்தும் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்கு வந்தது.

சோழமண்டலக் கரையின் இத்தகைய வண்ணத் துணிகள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையைப் பிடித்தன. தமது நெசவுத் தொழில் அழியும் என்று அஞ்சிய பிரான்ஸ் 1686இல் அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றியது. தடைவிதித்துக்கொண்டே தொழில்நுட்பத்தைக் கைப்பற்றும் முயற்சியும் நடந்தது. 1734 அளவில் பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் துணி ஓவியம் தீட்டப்படும் ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி, கட்டத்திற்கு ஒரு துண்டுத் துணியையும் வெட்டியெடுத்துப் பாரீசுக்குக் கொண்டுசென்றார். 1742இல் சேசு சபைப் பாதிரியார் கூர்டூ, தம்மிடம் மதம் மாறிய சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த செய்முறையை நீண்ட கடிதமாக எழுதியனுப்பினார். அது அச்சாகிப் பரவியது. 1760இல் ஓபர்காம்ப் பாரீசுக்கு அருகில் ஜூயி என்ற ஊரில் துணி அச்சுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் மான்செஸ்டரின் இயந்திர அச்சுத் துணி இந்தியச் சந்தைக்கே வந்து, அந்த அறிவைத் தந்த கைகளை வேலையற்றவை ஆக்கியது.

உழைப்பவரின் திறன் முதலில் குறிப்பாக எழுதப்படுகிறது. பிறகு அது இயந்திரத்தில் ஏற்றப்படுகிறது. இறுதியில் மலிவுச் சரக்காகத் திரும்பி வந்து உழைப்பவரை வெளியேற்றுகிறது. லயான் தொகுப்பும் ஜிபிடி மாதிரியும் செய்வது இதைத்தான். அன்று ஒரு பாதிரியாரும் ஒரு கடற்படை அதிகாரியும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையை, இன்று ஒரு மென்பொருள் கோடிக்கணக்கான படங்களின் மீது ஒரே வீச்சில் செய்துமுடிக்கிறது.

கலையை மீட்டது பொதுக் கல்வி

அழியும் நிலையில் இருந்த திருக்காளத்திக் கலம்காரி எப்படிப் பிழைத்தது? சந்தை அதைக் காப்பாற்றவில்லை. 1952இல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியமும், அதற்குத் தலைமை தாங்கிய கமலாதேவி சட்டோபாத்யாயவும் முன்முயற்சி எடுத்தனர். 1957இல் திருக்காளத்தியில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. முறை அறிந்த மூத்த கலைஞர்களுள் ஒருவரான ஜொன்னலகட்ட லட்சுமையா அதன் ஆசிரியரானார். பரம்பரைக் குடும்பங்களுக்கு வெளியிலிருந்தும் இளைஞர்கள் வந்து கற்றனர். பின்னாளில் பெண்கள் பெருமளவில் இத்தொழிலுக்கு வந்தனர். லட்சுமையாவின் மகன் குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1960இல் திருப்பதியில் தேவஸ்தானம் தொடங்கிய மரபுச் சிற்பக் கல்வி நிறுவனத்திலும் கலம்காரி ஒரு பாடமாயிற்று.

‘செயற்கை நுண்ணறிவு கலையை ஜனநாயகப்படுத்துகிறது’ என்று நிறுவனங்கள் பேசும்போது இந்த அனுபவத்தை நினைவுகூர வேண்டும். சாதிக்கும் குடும்பத்திற்கும் உள்ளே அடைபட்டிருந்த கலையை வெளியே கொண்டுவந்தது ஒரு பொதுப் பயிற்சி நிலையம். அது ஓவியத் திறனைக் கற்பவரின் கையில் கொடுத்தது. படம் உருவாக்கும் செயலியோ திறனைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விளைபொருளை மட்டும் வாடகைக்குத் தருகிறது. சந்தா நின்ற நாளில் பயன்படுத்துபவரிடம் மிஞ்சுவது எதுவுமில்லை.

திருக்காளத்திக்கு ஆசிரியரைத் தந்த அந்தக் கைவினை வாரியத்தை மோடி அரசு 2020 ஆகஸ்டில் கலைத்துவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு கைத்தறி வாரியத்தையும் கலைத்தது. 2023 செப்டம்பரில் ரூ.13,000 கோடியில் பெரும் விளம்பரத்தோடு தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் சிற்பி இருக்கிறார், தையற்காரர் இருக்கிறார். ஓவியரோ கலம்காரிக் கலைஞரோ இல்லை. 2024 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்திற்கு மட்டும் ரூ.10,372 கோடி ஒப்புதல் பெற்றது. அரசு யாருடைய பக்கம் நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முறிக்கப்படும் ஏணியின் கீழ்ப்படி

ஓவியத் தொழிலில் ஒருவர் முன்னேறும் வழி எப்போதும் சிறு வேலைகளிலிருந்தே தொடங்குகிறது. பெயர்ப்பலகை, சுவர் விளம்பரம், திருமண அழைப்பிதழ், பாடநூல் படம், வார இதழின் சிறுகதைப் படம் ஆகியவைதாம் அந்தப் படிகள். எம்.எஃப்.உசேன் பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகள் வரைந்து வயிறு வளர்த்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார், கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ பத்திரிகையில் வந்தபோது அவர் வரைந்த கோடுகளை வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை. கூலிக்கு வரைந்த வேலைதான் அவர்களுக்குப் பயிற்சிக் களமாகவும் இருந்தது.

இந்தப் படிகளுள் ஒன்று ஏற்கெனவே முறிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் வந்தபோது, சென்னை முதல் சித்தூர் வரை திரையரங்குப் பலகைகளும் கட்டவுட்டுகளும் வரைந்த ஓவியர்கள் சில ஆண்டுகளில் வேலை இழந்தனர். தமிழும் தெலுங்கும் எழுதத் தெரிந்த எல்லைப்பகுதிப் பலகை ஓவியர்கள் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு மறுபயிற்சி தரவோ நிவாரணம் தரவோ எந்த அரசும் முன்வரவில்லை. அவர்களின் அடுத்த தலைமுறையினர் கணினியில் வடிவமைக்கக் கற்று ஃபிளெக்ஸ் கடைகளில் வேலைக்கு அமர்ந்தனர். இப்போது அந்த வேலைக்கும் ஆபத்து வந்துள்ளது.

பிரிட்டனின் எழுத்தாளர் சங்கம் 2024 தொடக்கத்தில் தன் உறுப்பினர்களிடம் நடத்திய ஆய்வில், ஓவியர்களுள் 26 சதவீதம் பேர் செயற்கை நுண்ணறிவால் வேலை இழந்ததாகத் தெரிவித்தனர். சங்கமும் ஒப்பந்தமும் உள்ள நாட்டின் நிலை அது. இந்தியாவில் நூல் அட்டைக்கும் பாடநூல் படத்திற்கும் வாய்மொழிப் பேச்சில் வேலை வாங்கும் ஓவியர்களிடம் இழப்பைக் கணக்கெடுக்கவும் ஆளில்லை.

ஓவியத்துறையின் உச்சியில் இருக்கும் சிலருக்கு இயந்திரத்தால் உடனடி ஆபத்து இல்லை. அவர்களின் பெயருக்கு விலை உண்டு. அடிபடுவது இருபது வயதில் முதல் வேலையைத் தேடும் மாணவர். கீழ்ப்படி இல்லாமல் மேல்படிக்கு யாரும் வர முடியாது. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து மூத்த ஓவியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்குச் சந்தையிடம் விடையில்லை.

ஓவிய ஆசிரியரின் சம்பளம்

1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியும் 1887 முதல் இயங்கும் கும்பகோணம் கல்லூரியும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் திறந்திருக்கும் அரசுக் கல்லூரிகள். அங்கே வந்துசேரும் மாணவரின் கையில் முதலில் தூரிகை கொடுப்பவர் பள்ளி ஓவிய ஆசிரியர். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். மாதச் சம்பளம் ரூ.5,000. பன்னிரண்டு ஆண்டுகள் போராடிய பிறகு 2024இல் அது ரூ.12,500 ஆயிற்று. 2021 தேர்தலில் அளிக்கப்பட்ட பணி நிரந்தர வாக்குறுதிக்காக அவர்கள் மீண்டும் மீண்டும் தெருவுக்கு வந்தனர். கலைக் கல்வியில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்துவது பற்றிப் பேசும் எவரும் முதலில் இந்தச் சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாத வகுப்பில் செயலியை வைப்பது கல்வியாகாது.

கலைக்கல்லூரிகளில் இம்மென்பொருளைத் தடைசெய்வதும் தீர்வாகாது. நாளை வேலைக்குப் போகும் மாணவர் அதன் இயக்கத்தை அறிந்திருக்க வேண்டும். அது எந்தப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது, ஒப்பந்தத்தில் எந்த வரி தன் படைப்பைப் பறிக்கிறது, பதிப்புரிமைச் சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை ஆகியவையும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஆயினும் கண்ணால் பார்த்துக் கையால் வரையும் பயிற்சியே அடித்தளம். அது இல்லாதவர் இயந்திரம் தரும் படத்தில் பிழை எங்கே என்று கூடச் சொல்ல முடியாது.

சட்டத்தில் உள்ள ஓட்டை

‘புகைப்படம் வந்தபோதும் ஓவியம் அழியவில்லையே’ என்று வாதிடுவோர் உண்டு. கேமரா தன் எதிரே நிற்கும் உலகைப் பதிவுசெய்தது. அதை இயக்குவதற்குப் புகைப்படக் கலைஞர் என்ற புதிய தொழிலாளியும் தோன்றினார். இந்த இயந்திரமோ பிற ஓவியர்களின் படைப்புகளையே மூலப்பொருளாகக் கொள்கிறது. மூலப்பொருளுக்கு விலை கொடுக்காத ஆலையை எந்த முதலாளியும் மற்றொரு முதலாளிக்கு அனுமதிப்பதில்லை. அதனால்தான் 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. பெரு நிறுவனம் தன் உடைமைக்காக நீதிமன்றம் செல்ல முடிகிறது. திருக்காளத்திக் கலைஞர் எங்கே செல்வார்?

திருக்காளத்திக் கலம்காரிக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு காப்பது பெயரை. அதே கோலத்தைச் செயலியில் உருவாக்கி, சூரத்தின் டிஜிட்டல் அச்சு இயந்திரத்தில் ஓட்டி, வேறு பெயரில் விற்றால் அதனால் தடுக்க இயலாது. பதிப்புரிமைச் சட்டம் தனி ஒருவரின் படைப்பைக் காக்கிறது. நூற்றாண்டுகளாக ஒரு சமூகம் சேர்ந்து உருவாக்கிய வடிவத்திற்கு அச்சட்டத்தில் உரிமையாளரே இல்லை. பத்திரிகைக்கும் நிறுவனத்திற்கும் ஊழியராக இருந்து வரைந்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பெருமளவு முதலாளியைச் சேர்கிறது.

ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எல்லாப் படைப்புகளையும் பயன்படுத்தக் கட்டாய உரிமம் தரலாம், அவை அதற்கு உரிமத்தொகை செலுத்தலாம் என்று முன்மொழிகிறது. தொகை தர வேண்டும் என்ற கொள்கை வரவேற்கத்தக்கது. ஆனால் ‘என் படைப்பைத் தர மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு இல்லை. வசூலாகும் பணம் உரிமை ஆவணம் வைத்திருப்பவரைச் சேரும். ஆவணமில்லாத கலம்காரித் தொழிலாளியையும் அட்டைப்பட ஓவியரையும் அது எப்படிச் சேரும் என்பதே தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி.

இயக்கத்தின் சொந்த வீட்டில்

1943 வங்கப் பஞ்சத்தின்போது சித்தபிரசாத் மிதுனாபூர் கிராமங்களுக்கு நடந்தே சென்று, பசியால் இறந்துகொண்டிருந்த மனிதர்களை அவர்களின் பெயரோடும் ஊரோடும் வரைந்தார். ‘பசித்த வங்கம்’ என்ற அவரது நூலின் படிகளைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி அழித்தது. சோம்நாத் ஹோர் 1946இல் தெபாகா விவசாயிகளிடையே தங்கி வரைந்தார். ஆட்சியாளர்கள் அஞ்சியது அக்கோடுகளின் அழகுக்காக அன்று. அங்கே ஒருவர் நேரில் இருந்து கண்டார் என்பதற்கு அவை சாட்சியாக இருந்ததால்தான். ‘பட்டினியில் வாடும் விவசாயி’ என்று தட்டச்சு செய்தால் செயலி தரும் படத்தில் விவசாயி எவரும் இல்லை. அது எதற்கும் சாட்சியாகாது. எதிரி அதைப் பொய் என்று தள்ளினால் பதில் சொல்லவும் முடியாது.

இன்று இடதுசாரி அமைப்புகளின் மாநாட்டுச் சுவரொட்டிகளிலும் சமூக ஊடகப் பதிவுகளிலும் இத்தகைய படங்கள் நுழைவதைக் காண முடிகிறது. நேரமும் பணமும் இல்லை என்பது உண்மையான காரணமாக இருக்கலாம். ஆனால் ஓவியரின் உழைப்பு திருடப்படுவதை எதிர்க்கும் இயக்கம், திருட்டுப் பொருளால் தன் பதாகையை அலங்கரிக்கக் கூடாது. மாநாட்டுச் செலவில் உள்ளூர் ஓவியரின் கூலிக்கு ஒரு தொகை ஒதுக்குவது எந்தக் கிளைக்கும் இயலாத காரியமில்லை. சுவரெழுத்துத் தோழர்களின் மரபு ஒன்று இங்கே ஏற்கெனவே இருக்கிறது. புதிய தலைமுறைக்கு அதைக் கற்றுத்தர வேண்டும்.

போராட்டத்தின் திசை

அமெரிக்காவின் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்த்தனர். இயந்திரத்தை யாரும் உடைக்கவில்லை. அதன் பயன்பாட்டுக்கு நிபந்தனை விதிக்கும் வலிமையைச் சங்கம் தந்தது. இந்தியாவின் ஓவியத் தொழிலாளருக்கு அத்தகைய சங்கம் இன்னும் உருவாகவில்லை. அதைக் கட்டுவதே முதல் பணி.

கோரிக்கைகளும் தெளிவானவை. படைப்பாளியின் ஒப்புதலின்றி எந்தப் படமும் பயிற்சிக்கு எடுக்கப்படக் கூடாது. மரபுக் கலை வடிவங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அந்தச் சமூகத்தின் நல நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அந்நிதியைத் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வகிக்க வேண்டும். கையால் தீட்டிய துணியையும் அச்சிட்ட துணியையும் வாங்குபவர் வேறுபடுத்தி அறியும் முத்திரை கட்டாயமாக்கப்பட வேண்டும். பாடநூல்களுக்கும் அரசு விளம்பரங்களுக்கும் ஓவியர்களையே அமர்த்த வேண்டும். கைவினை வாரியம் மீண்டும் அமைக்கப்பட வேண்டும். பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். பொதுப்பணத்தில் உருவாகும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பொதுவுடைமையாக இருக்க வேண்டும்.

சூளூர்பேட்டை, திருப்பதி, சித்தூர் பகுதித் தோழர்கள் இதைத் திருக்காளத்தியிலிருந்தே தொடங்கலாம். கலம்காரித் தொழிலாளர் எத்தனை பேர், நாள் கூலி என்ன, அச்சுத் துணி வந்தபின் எத்தனை வீடுகளில் கலம் கீழே வைக்கப்பட்டது என்ற கணக்கை வீடு வீடாகச் சென்று எடுக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களையும் சென்னை ரயிலேறிப் போகும் இளம் வடிவமைப்பாளர்களையும் பள்ளி ஓவிய ஆசிரியர்களையும் ஒரே கூட்டத்தில் அமர்த்த வேண்டும். மூவரும் பேசும் மொழிகள் வேறாக இருக்கலாம். அவர்களின் உழைப்பை விலையின்றி எடுத்துக்கொள்ளும் முதலாளி ஒருவரே.